திருமலைக் கல்வெட்டு

ஆரணியில் பட்டு நெய்யும் கணவனும் மனைவியும் தறி ஓய்ந்த நாளொன்றில் காலையிற் புறப்பட்டால், மாலைக்குள் கண்டு திரும்பத்தக்க இடம் போளூரை அடுத்த திருமலை. அச்சமணக் குன்றில் பாறையிற் செதுக்கிய நேமிநாதர் திருவுருவம் ஏறத்தாழ 16 மீட்டர் உயரமுடையது. காண்போர் பலரும் அதனை வியந்து மீள்வர். ஆயினும், நின்று படிக்கவேண்டியது அங்குள்ள கல்வெட்டேயாகும்.

அது முதலாம் இராசேந்திர சோழனின் 13ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 1025இல், பொறிக்கப்பட்டது. கடல் கடந்த ஈழம் முதலாகக் கங்கை ஈறாக அவன் வென்ற நாடுகளையெல்லாம் அடுக்கிக் கூறுகின்றது. அத்துணைப் போர்களுக்கும் பின் அக்கல் சொல்ல வந்த செய்தியோ ஒரு விளக்கைப் பற்றியது. நன்னப்பயன் என்னும் வணிகனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை சினாலயத்தில் நந்தாவிளக்கு எரிக்க 20 காசும், திருவமுதுக்கு 10 காசும் அளித்தாள். கணவன் பெயர் உடன் நிற்கின்றது, கொடை அவளுடையது.