ஒரு கிலோ வீல், எத்தனை கிலோ வண்டி? – போடிமெட்டு ரோட்டுக்கு லேசான அலாய் தேடுவது

கார் பிரியர்கள் கூடும் இடத்தில் எல்லாம் ஒரு வாசகம் அடிபடும்: "வீல்ல ஒரு கிலோ குறைச்சா, வண்டியில பத்து கிலோ குறைச்ச மாதிரி." சிலர் நாலு என்பார்கள், சிலர் பதினைந்து வரை போவார்கள். போடியில் இருக்கும் என் சித்தப்பா பையனிடம் ஒரு ஐ20 என் லைன் இருக்கிறது. அவன் இந்த வாசகத்தை நம்பி ஒன்றரை லட்சத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "அண்ணே, எந்த வீல் போடலாம்?" என்று கேட்டான். அவனுக்கு எழுதிய பதில் கொஞ்சம் விரிந்து இந்தக் குறிப்பு ஆகியிருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேசான வீல் நல்லது. ஆனால் பலரும் நினைக்கிற காரணத்துக்காக அல்ல. அது எஞ்சினுக்குச் செய்கிற உதவி சொற்பம், சஸ்பென்ஷனுக்குச் செய்கிற உதவி பெரிது. இந்த வித்தியாசம் புரிந்தால் எங்கே செலவு பண்ணணும், எங்கே கூடாது என்பது தன்னால் தெரிந்துவிடும்.

பத்து மடங்கா? கணக்கு போடுவோம்

ஓடுகிற காரில் வீலுக்கு இரண்டு வேலை. வண்டியோடு சேர்ந்து முன்னால் போகிறது. கூடவே தன்னைத்தானே சுற்றுகிறது. இரண்டுக்கும் எஞ்சின் ஆற்றல் கொடுக்க வேண்டும். முன்னால் போவதற்கான கணக்கில் வீலின் ஒரு கிலோவும் டிக்கியில் இருக்கும் ஒரு கிலோவும் ஒன்றுதான். சுற்றுவதற்கு மட்டும் கூடுதல் செலவு. எவ்வளவு கூடுதல் என்பது அந்த எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நம்ம ஊர் மாட்டு வண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குடம், அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், வெளியே வட்டை, அதற்கும் மேலே இரும்புப் பட்டை. அலாய் வீலிலும் இதே உறுப்புகள்தான். பட்டைக்குப் பதில் டயர். குடத்தில் இருக்கும் எடையைச் சுற்றிவிடுவது சுலபம். வட்டையில் இருக்கும் எடை அடம் பிடிக்கும். பட்டையில் இருப்பது அதைவிட அடம் பிடிக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பார வண்டியைப் பூட்டிக்கொண்டு யாரும் பந்தயத்துக்கு வருவதில்லை.

வீலின் எடை முழுவதும் ஒரே வளையத்தில் இருப்பதாகக் கற்பனை செய்தால், அந்த வளையத்தின் ஆரத்துக்குச் சுழற்சி ஆரம் என்று பெயர். 16 இன்ச் வீலுக்கு இது சுமார் 16 செ.மீ. டயரின் உருளும் ஆரம் சுமார் 30 செ.மீ. முன்னதைப் பின்னதால் வகுத்து, வருவதை வர்க்கம் செய்தால் 0.28. அதாவது வீலில் ஒரு கிலோ என்பது முடுக்கும்போது 1.28 கிலோ மாதிரி நடந்துகொள்ளும். அவ்வளவுதான்.

டயருக்குச் சுழற்சி ஆரம் 27 செ.மீ. பக்கம் வரும். 0.9-ஐ வர்க்கம் செய்தால் 0.81, ஆக ஒரு கிலோ டயர் 1.8 கிலோவுக்குச் சமம். எடை மொத்தமும் ரோட்டைத் தொடும் விளிம்பிலேயே இருந்தாலும் கணக்கு இரண்டைத் தாண்டாது. வீல் வழுக்காமல் உருளும் வரை இரண்டுதான் உச்சவரம்பு. பத்து எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, இயற்பியலில் இருந்து வரவில்லை.

இப்போ இதைக் காரில் பொருத்துவோம். ஆளோடு சேர்த்து 1,200 கிலோ. வீலுக்கு 2 கிலோ குறைத்தால் நாலு வீலுக்கு 8 கிலோ. 1.28-ஆல் பெருக்கினால் 10 கிலோ சொச்சம். மொத்த எடையில் ஒரு சதவீதம்கூட இல்லை. பூஜ்யத்திலிருந்து நூறுக்குப் போக 10 வினாடி எடுக்கும் வண்டி, இனி 9.9 வினாடி எடுக்கும். ஸ்டெப்னியை வீட்டில் இறக்கி வைத்தாலே கிட்டத்தட்ட இதே லாபம் உண்டு. (இறக்கி வைக்காதீர்கள். மலைரோட்டில் பஞ்சரானால் லாபக் கணக்கு மாறிவிடும்.)

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஒரே அளவு டயரிலேயே கம்பெனிக்குக் கம்பெனி ஒரு கிலோ வரை எடை வித்தியாசப்படும். அதைப் பார்த்து வாங்கினால் வீலைத் தொடாமலே பாதி வேலை முடிந்துவிடும்.

வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்

சுழற்சி ஆரத்தை நம்பிக்கையில் விட வேண்டாம். டயர் கழற்றிய வீலைப் படுக்கைவசமாக, சம தூரத்தில் மூன்று கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். கயிறு 2 மீட்டர், கயிறு கட்டிய இடம் மையத்திலிருந்து 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். லேசாகத் திருகி விட்டால் முன்னும் பின்னுமாகத் திருகி ஆடும். பத்து ஆட்டத்துக்கு 23 வினாடி ஆனால் சுழற்சி ஆரம் 16 செ.மீ. கயிறின் நீளமும் கட்டிய இடமும் மாறாத வரை, நேரம் கூடினால் அதே விகிதத்தில் ஆரமும் கூடும். இதில் வீலின் எடைகூடத் தேவையில்லை. எடையை எப்படியும் தனியாகத் தராசில் வைத்துப் பார்க்கப் போகிறோம். போடி மாதிரி ஏலக்காய் வியாபாரம் நடக்கும் ஊரில் நல்ல எலக்ட்ரானிக் தராசுக்குப் பஞ்சமா?

லேசான வீல் உண்மையில் யாருக்கு உதவுகிறது?

காரின் பெரும்பகுதி ஸ்பிரிங்குக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. வீல், டயர், பிரேக், ஹப் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே. இந்தக் கீழ்ப்பகுதிக்குத்தான் 'அன்ஸ்ப்ரங் மாஸ்' என்று பெயர். சின்ன காரின் முன்பக்கம் ஒரு மூலைக்கு இது 35 கிலோ அளவில் இருக்கும். அதில் 2 கிலோ குறைந்தால் 5.7 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே 2 கிலோ, எஞ்சின் கண்ணில் 0.9 சதவீதம், சஸ்பென்ஷன் கண்ணில் 5.7 சதவீதம்.

டயரும் ஒரு ஸ்பிரிங்தான். அதன் மேல் நிற்கும் 35 கிலோ, வினாடிக்குச் சுமார் 12, 13 முறை துள்ளப் பார்க்கும். மலைரோட்டு வளைவுகளில் கனமான வண்டிகள் பிரேக் பிடித்துப் பிடித்து, தார் அலை அலையாக மடிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1.3 மீட்டருக்கு ஒரு மேடு இருந்து, நீங்கள் 60 கி.மீ. வேகத்தில் போனால் வினாடிக்குச் சுமார் 13 உதை. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற மாதிரி ஆகிவிடும். டயர் துள்ளும் நேரத்தில் அதற்குப் பிடிப்பு கிடையாது. ஸ்டியரிங், பிரேக் எதற்கும் அது பதில் சொல்லாது. வீல் லேசாக இருந்தால் ஷாக் அப்சார்பரால் இந்தத் துள்ளலைச் சீக்கிரம் அடக்க முடியும். லேசான வீலுக்குக் கொடுக்கும் காசு இந்த இடத்தில்தான் திரும்பக் கிடைக்கிறது.

போடிமெட்டு ஏறும்போதும் இறங்கும்போதும்

தேனியிலிருந்து மூணாறு போகும் தேசிய நெடுஞ்சாலை 85-ல், போடியைத் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். 1,200 கிலோ வண்டியை அவ்வளவு உயரம் தூக்க 11.8 மெகா ஜூல் வேண்டும். இந்தக் கணக்கில் வீல் சுற்றுவது சேரவே சேராது. 8 கிலோ குறைத்தால் 0.7 சதவீதம் மிச்சம்.

இறங்கும்போது இதே 11.8 மெகா ஜூல் பிரேக்கிலோ எஞ்சினிலோ கரைய வேண்டும். பெரிய வீல் போட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்பது கற்பனை. பிரேக் டிஸ்க் மாறவில்லையே. ஆரக்கால்களுக்கு இடையே இடைவெளி தாராளமாக இருந்தால் காற்று போய் டிஸ்க் கொஞ்சம் சீக்கிரம் ஆறும். மற்றபடி, ஏறிய கியரிலேயே இறங்குவதுதான் வழி.

எப்படிச் செய்த வீல்?

1924-ல் புகாட்டி டைப் 35 ரேஸ் கார் அலுமினியத்தில் வார்த்த வீலோடு வந்தது. அன்றிலிருந்து அடிப்படை உலோகம் பெரிதாக மாறவில்லை, செய்முறைதான் மாறியது. இன்று கடையில் கிடைப்பது மூன்று வகை.

*வார்ப்பு.* சிலிக்கான் சுமார் 7 சதவீதமும் கொஞ்சம் மெக்னீசியமும் கலந்த அலுமினியத்தை உருக்கி அச்சில் ஊற்றுவது. விலை குறைவு. வார்ப்புக்குள் நுண்ணிய துளைகள் இருக்கலாம் என்பதால் பலத்துக்காகத் தடிமனாகச் செய்வார்கள். பலமான அடி பட்டால் வளைவதைவிட விரிசல் விடும்.

*ஃப்ளோ ஃபார்மிங்.* நடுப்பகுதியை வார்த்துவிட்டு, வட்டையை மட்டும் சூடாக்கி உருளைகளால் அழுத்தி இழுப்பது. வட்டை மெலிசாகவும் பலமாகவும் ஆகும். எடை குறைய வேண்டிய இடமும் அந்த வட்டைதானே.

*ஃபோர்ஜ்டு.* திட அலுமினியத்தைப் பல ஆயிரம் டன் அழுத்தத்தில் நசுக்கி, பிறகு கடைவது. மிக லேசு, மிக பலம், மிக விலை. ஜப்பானின் ரேஸ் கம்பெனி 1996-ல் கொண்டுவந்த டி.இ.37 இந்த வகை. 15 இன்ச், 6 ஜே அளவில் 3.7 கிலோதான். பெயரில் உள்ள 37 அதுதான்.

ஒரு எச்சரிக்கை. வீல் அலாய்க்குப் பலம் வருவதே சூட்டுப் பக்குவத்தால்: 500 டிகிரிக்கு மேல் காய்ச்சி, நீரில் குளிரவைத்து, பிறகு 150, 170 டிகிரியில் பல மணி நேரம் வைப்பது. விரிசல் விட்ட வீலை வெல்டிங் வைத்தால் அந்த இடத்தைச் சுற்றி இந்தப் பக்குவம் போய்விடும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே சவசவவென்று இருக்கும். வெல்டிங் வைத்த வீலைக் கொண்டை ஊசி வளைவுக்கு எடுத்துப் போகாதீர்கள். ஸ்டீல் வீலுக்கு இந்தத் தொல்லை இல்லை. பெண்ட் எடுத்து ஓட்டலாம்.

பெரிசு பண்ணாதீங்க

என் லைனில் கம்பெனி கொடுக்கும் டயர் 195/55 ஆர் 16. மொத்த விட்டம் 621 மி.மீ., பக்கச் சுவர் 107 மி.மீ. இதை 205/45 ஆர் 17 ஆக்கினால் விட்டம் 616, பக்கச் சுவர் 92. பார்வைக்கு அழகு. ஆனால் குழிக்கும் வீலுக்கும் நடுவே இருந்த மெத்தையில் 15 மி.மீ. போச்சு, வட்டையின் எடையும் வெளியே நகர்ந்தது. விலை குறைந்த 17 இன்ச் வார்ப்பு வீல் பல நேரம் கழற்றி வைத்த 16 இன்ச்சைவிடக் கனமாகவே இருக்கும். அலாய் என்றாலே லேசு என்று நினைப்பவர்கள் ஏமாறும் இடம் இது.

எதிர்த்திசையில் 195/60 ஆர் 15 போட்டால் விட்டம் 615, பக்கச் சுவர் 117. எடையும் குறையும், விலையும் குறையும். முன் பிரேக் காலிப்பர் 15 இன்ச்சுக்குள் அடங்குகிறதா என்று ஒரு வீலை மாட்டிச் சுற்றிப் பார்த்த பிறகே காசு கொடுக்க வேண்டும்.

பொருத்தம் பார்ப்பது

ஜாதகத்தைவிட இதில் கறாராக இருக்கணும்.

போல்ட் வட்டம்: ஐ20-க்கு 4 துளை, 100 மி.மீ.

நடுத்துளை: ஐ20-க்கு 54.1 மி.மீ. வெளியில் வாங்கும் வீலில் இது பெரும்பாலும் பெரிதாக இருக்கும். சரியான அளவு ஹப் ரிங் போடாவிட்டால் 80 கி.மீ.க்கு மேல் ஸ்டியரிங் நடுங்கலாம்.

ஆஃப்செட்: 6 ஜே, 45 ஆஃப்செட்டிலிருந்து 7 ஜே, 38 ஆஃப்செட்டுக்குப் போனால் வீலின் வெளி விளிம்பு 20 மி.மீ. வெளியே வரும். ஐந்து பேரோடு வளைவில் திரும்பும்போது டயர் ஃபெண்டரில் உரசும். வீல் பேரிங்கும் கூடுதலாக உழைக்கும்.

நட்டு: ஹூண்டாய்க்குக் கூம்பு வடிவ இருக்கை, ஃபோக்ஸ்வேகனுக்குக் கோள வடிவ இருக்கை. மாற்றிப் போட்டால் இறுகியது போலத் தெரியும், இறுகியிருக்காது. மாட்டி 50, 100 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்சில் ஒருமுறை சரிபார்க்கவும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது.

தாங்கும் எடை: வீலின் பின்பக்கம் பொறித்திருக்கும். வண்டியின் மொத்த எடை 1,500 கிலோ என்றால் நாலால் வகுத்து 375 போதும் என்று நினைக்கக் கூடாது. முன் அச்சு அதிகம் சுமக்கும், பிரேக் பிடித்தால் இன்னும் அதிகம். 500 கிலோவுக்குக் குறைந்ததை நான் வாங்க மாட்டேன்.

முத்திரை: ஐ.எஸ்.ஐ. முத்திரை அல்லது ஜப்பானின் ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. குறிகள். பிரபல வடிவத்தை நகலெடுத்து, எந்தச் சோதனைக்கும் போகாமல் வரும் வீல்கள் சந்தையில் உண்டு. பார்த்தால் அச்சு அசல் மாதிரியே இருக்கும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை அழுத்திச் சொன்னது. கம்பெனி அளவை ஒட்டியே இருப்பதும், இன்சூரன்ஸ்காரர்களிடம் எழுத்தில் தெரிவிப்பதும் நல்லது.

தம்பிக்குச் சொன்ன வரிசை

முதலில் தாங்கும் எடையும் முத்திரையும். இரண்டாவது பொருத்தம். மூன்றாவதாகத்தான் எடை. அழகு கடைசியில்.

அவன் வண்டிக்கு நான் சொன்னது: 16 இன்ச்சிலேயே இரு, கம்பெனி ஆஃப்செட்டை ஒட்டி ஃப்ளோ ஃபார்மிங் வீல் எடு, தராசில் வைத்து இப்போதையதைவிட ஒன்றரை கிலோவாவது குறைவாக இருந்தால் மட்டும் வாங்கு. ஃபோர்ஜ்டுக்குப் போகும் மீதிக் காசில் ஈர ரோட்டில் நன்றாகப் பிடிக்கும் நல்ல டயர் நாலு வாங்கிவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் போடிமெட்டு இறங்கும்போது, பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, வண்டியை ரோட்டில் நிறுத்துவது அந்த டயர்தான்.

"அப்ப 0.1 செகண்ட்தான் மிச்சமாண்ணே?" என்று கேட்டான். ஆமா. அதோடு ஒவ்வொரு குழியிலும் டயர் கொஞ்சம் சீக்கிரம் ரோட்டுக்குத் திரும்பி வரும்.