விதைக்கும் முன் ஒரு கணக்கு: குழிக்கு எத்தனை விதை போடலாம்?

மழை பெய்து, ஈரம் இருக்கும்போது விதைத்தும் பாதிக் குழி காலியாகக் கிடந்தால் விதைச் செலவோடு பருவமும் போய்விடும். ஒரு வாரத்துக்கு முன்பே வீட்டில் ஒரு சோதனையும், நான்கு சின்னக் கணக்குகளும் போட்டுப் பார்த்தால் இந்த நஷ்டத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

சோதனை செய்யும் முறை

மூட்டையின் மேல், நடு, அடி என மூன்று இடங்களிலும் விதை எடுத்துக் கலந்துகொள்ளுங்கள். பொறுக்கி எடுக்காமல், கைக்கு வந்தபடி 400 விதைகளை எண்ணுங்கள். நூறு நூறாகப் பிரித்து, நனைத்துப் பிழிந்த சாக்கில் பரப்பிச் சுருட்டி நிழலில் வையுங்கள். ஈரம் காயக் கூடாது. உளுந்து என்றால் 7ஆம் நாள் பிரித்து, வேரும் தண்டும் நன்றாக வந்த நாற்றுகளை மட்டும் எண்ணுங்கள்.

கணக்கு 1: சராசரி

நான்கு பிரிவில் 82, 78, 85, 75 முளைத்தன என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 320. அதை 4ஆல் வகுத்தால் 80. முளைப்புத்திறன் 80 சதவீதம். சான்று பெற்ற விதைக்குக் குறைந்தபட்சம் நெல்லுக்கு 80, உளுந்துக்கு 75, நிலக்கடலைக்கு 70, வெண்டைக்கு 65 சதவீதம் இருக்க வேண்டும்.

கணக்கு 2: ஏற்ற இறக்கம்

ஒரே மூட்டை விதைதான், ஆனாலும் ஒரு பிரிவில் 85, இன்னொன்றில் 75 வந்திருக்கிறது. இது இயல்பு. உண்மையில் 80 சதவீதம் முளைக்கும் விதையில் 100 எண்ணினால் 72 முதல் 88 வரை வரலாம். 400 எண்ணினால் 76 முதல் 84க்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அதனால் பத்து விதையை முளைக்கவைத்து முடிவு செய்யாதீர்கள். 80 என்று அட்டையில் போட்ட விதை உங்கள் சோதனையில் 78 வந்தால் விதை மோசம் என்று சொல்ல முடியாது. 400 விதையில் 65 சதவீதம்தான் வந்தது என்றால் சந்தேகப்படலாம். பில், அட்டை, மீதி விதை ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, விதை ஆய்வாளரை அணுகுங்கள்.

கணக்கு 3: குழிக்கு எத்தனை விதை?

வெண்டை விதை 70 சதவீதம் முளைக்கிறது. அப்படியானால் ஒரு விதை முளைக்காமல் போக 100க்கு 30 வாய்ப்பு, அதாவது 0.3. இரண்டு விதையும் போக 0.3 x 0.3 = 0.09. மூன்றும் போக 0.027. ஆயிரம் குழியில் காலியாக நிற்பவை:

* ஒரு விதை: 300 குழிகள்
* இரண்டு விதை: 90 குழிகள்
* மூன்று விதை: 27 குழிகள்

இரண்டாவது விதை 210 குழிகளைக் காப்பாற்றுகிறது. மூன்றாவது விதை 63ஐ மட்டுமே. விலை கூடிய விதை என்றால் இரண்டு போட்டு, காலிக் குழிகளில் மறுநடவு செய்வதே லாபம். ஆனால் தண்ணீர் தேங்கினாலோ எறும்பு இழுத்தாலோ ஒரு குழியின் எல்லா விதையும் சேர்ந்தே போகும். அங்கே இந்தக் கணக்கு பலிக்காது.

கணக்கு 4: விதை அளவு

80 சதவீத விதை ஏக்கருக்கு 8 கிலோ போதும் என்றால், 64 சதவீத விதை எவ்வளவு வேண்டும்? 8 x 80 / 64 = 10 கிலோ. இரண்டு கிலோ கூடுதல் செலவை, புது விதை வாங்கும் செலவோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

65 சதவீத வெண்டை விதை, குழிக்கு இரண்டு. நூறு குழியில் எத்தனை காலியாகும்? (விடை: 0.35 x 0.35 = 0.1225, சுமார் 12 குழிகள்.)

வயலில் முளைப்பு சாக்குச் சோதனையைவிடச் சற்றுக் குறையவே செய்யும். ஆகவே கொஞ்சம் விதையைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு விதைப்பைத் தொடங்குங்கள்.