தளத்துக்குள் ஒரு குளத்தின் வெளிச்சம்

திருப்பதியை அடுத்த திருச்சானூரில், ஜேஷ்ட மாதப் பௌர்ணமியோடு நிறைவடையும் ஐந்து நாள் தெப்போத்ஸவத்தின்போது பத்ம சரோவரத்தின் படிகளில் நிற்க இடம் கிடைக்காது. எல்லார் கண்ணும் தெப்பத்தின்மேல்தான் இருக்கும். ஒளிப்பதிவு பயில்கிறவர்கள் கொஞ்சம் பார்வையைத் திருப்பி, நீரை ஒட்டிய கல்லையும் படியையும் பார்க்க வேண்டும். தெப்பத்தின் வண்ண விளக்குகள் பலவும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், அங்கே கலங்கலான ஒளி மெல்ல அசையும். அதே குளத்தில் காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பார்த்தால், கல்லின்மேல் பளிச்சென்ற கோடுகள் வலைபோலப் பின்னிப் பிரியும். இந்த வேறுபாடு பிடிபட்டால் படப்பிடிப்புத் தளத்தில் பாதி வேலை முடிந்த மாதிரி.

குளக்கரைக் காட்சிக்குக் குளம் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சென்னையில் ஒரு ஸ்டூடியோவுக்குள் நாலு படிக்கட்டும் இரண்டு தூணும் போட்டு, அகலமான தட்டில் நிரப்பிய நீரில் விளக்கொளியைப் படவிட்டு, நடிகையின் முகத்திலும் பின்சுவரிலும் அலையின் ஒளியை ஆடவிட்டால், சட்டகத்துக்கு வெளியே தண்ணீர் இருப்பதாக நாம் நம்பிவிடுகிறோம்.

அசையாத நீர் ஒரு கண்ணாடி. அதில் அலை எழுந்ததும் அது ஆயிரம் சிறு கண்ணாடிகளாகிறது. நீர்ப்பரப்பு ஒரு பாகை சாய்ந்தால் அதில் பட்டுத் திரும்பும் கதிர் இரண்டு பாகை விலகும். சின்ன அலைகூடச் சுவரில் பெரிதாக ஆடுவது இதனால்தான். அலையின் முகடு ஒளியைச் சிதறடிக்கும், பள்ளம் குவிக்கும். குவிந்த இடங்களே அந்தப் பளிச்சென்ற கோடுகள். விளக்கு சிறு புள்ளியாக, கடுமையாக இருந்தால் கோடு கூர்மையாக விழும். தெர்மாகோலில் பட்டு வரும் ஒளி, துணி கட்டி மென்மையாக்கிய ஒளி எல்லாம் இங்கே உதவாது.

விளக்கை எந்தக் கோணத்தில் வைப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நேர் மேலிருந்து விழும் ஒளியில் நீர் திருப்பி அனுப்புவது 2 சதவீதம்தான். மீதி உள்ளே போய்விடும். நீர்மட்டத்திலிருந்து 10 பாகை உயரத்தில் படுத்தாற்போல் வரும் ஒளியிலோ ஏறத்தாழ 35 சதவீதம் திரும்பும். ஆகவே விளக்கைத் தாழ இறக்கி, தண்ணீரை உரசிப் போகும்படி வைக்க வேண்டும். இறக்க இடம் இல்லாத தளத்தில் லைட்மேன்கள் தட்டின் அடியில் கண்ணாடித் துண்டுகளைப் போடுவார்கள். வெளிச்சம் பல மடங்கு கூடும். ஆனால் கண்ணாடியின் விளிம்புகள் சுவரில் நேர்கோடுகளாகத் தெரியும். குளத்தில் நேர்கோடு ஏது? கண்ணாடியைத் தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பதே நல்லது என்பேன்.

தட்டின் அளவும் முக்கியம். சாப்பாட்டுத் தட்டளவு நீரில் விரலை விட்டு ஆட்டினால் அலை குட்டையாகவும் படபடப்பாகவும் வரும்; சுவரில் தெரிவது குளமல்ல, கிண்ணம். நாலுக்கு எட்டடி பிளைவுட் பலகையைச் சுற்றி நாலு அங்குல உயரத்தில் சட்டம் அடித்து, கறுப்புத் தார்ப்பாய் விரித்து நீர் நிரப்பினால் அலைக்கு ஓட இடம் கிடைக்கும். அடியில் கறுப்பு இருப்பதால் பரப்பில் பட்ட ஒளி மட்டுமே திரும்பிவரும். ஒரு மூலையில் பலகைத் துண்டை நிதானமாக அழுத்தி எடுக்க வேண்டும். கையால் அளைந்தால் கோடுகள் உடைந்து வெறும் மினுமினுப்பாகிவிடும். இன்னும் நிதானம் வேண்டுமென்றால் கேமராவை நொடிக்கு 48 பிரேமில் ஓட்டலாம்; வசனக் காட்சிக்கு அது சரிப்படாது. நேரடி ஒலிப்பதிவு என்றால் தண்ணீரின் சலசலப்பு மைக்கில் ஏறும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நம்மூர்ப் படங்களில் இந்தப் பொறுமைக்குப் பழைய மரபு உண்டு. கே.வி. ரெட்டி இயக்கி 1957இல் தெலுங்கிலும் தமிழிலும் வந்த 'மாயா பஜார்' படத்தின் படகுப் பாட்டில் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி உருவாக்கிய நிலவொளி இன்றும் பேசப்படுகிறது. மைசூரில் பிறந்த வி.கே. மூர்த்தி, 1959இல் வெளியான 'காகஸ் கே ஃபூல்' படத்துக்காக இரண்டு பெரிய கண்ணாடிகளை வைத்து வெளியிலிருந்த வெயிலைத் தளத்துக்குள் திருப்பி, ஒற்றைக் கதிராக விழவைத்தார். தாதாசாகேப் பால்கே விருது பெற்ற முதல் ஒளிப்பதிவாளர் அவர். இருவரிடமும் இன்றைய கருவிகள் இல்லை. ஒளி எங்கே பட்டு எப்படித் திரும்பும் என்ற கவனிப்பு இருந்தது.

இப்போது நெளிவுள்ள கண்ணாடி சுழலும் விளக்குகள் வந்துவிட்டன. எல்.இ.டி. குழல்களிலும் அலையை ஓடவிடலாம். தூரத்துச் சுவருக்கு இவை போதும். நெருங்கிய முகக் காட்சியில் பார்த்தால், சுழலும் கண்ணாடி ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுவதைக் கண் கண்டுபிடித்துவிடுகிறது. தண்ணீரில் அலைகள் கரையில் மோதித் திரும்பி ஒன்றோடொன்று கலப்பதால் ஒரு கோலம் மறுபடி அப்படியே வருவதில்லை. முகத்துக்கு நிஜ நீரே சிறந்தது.

ஆனால் தண்ணீரும் மின்சாரமும் அருகருகே இருக்கும் வேலை இது. விளக்கைத் தாழ வைக்கச் சொன்னேன். தாழ வைத்தால் ஆபத்தும் கிட்டே வரும். ஸ்டாண்டுக்கு மணல் மூட்டை, கேபிள் இணைப்புகள் தரையைத் தொடாமல் மேடைமேல், லைனில் கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி., அலை எழுப்புகிறவரின் கையில் உலர்ந்த நீளமான மரக்கோல், காலில் ரப்பர் பூட்ஸ். இவை இல்லாத தளத்தில் தட்டில் தண்ணீர் ஊற்றவே அனுமதிக்காதீர்கள், இயக்குநர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.