ஒரு நாடு, இரண்டு மின்சாரம்

டோக்கியோவில் வாங்கிய பழைய சலவை இயந்திரம் ஒன்றை ஒசாகாவுக்குக் கொண்டுபோய் மாட்டினால், அதன் மோட்டார் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றும். இரண்டு ஊரிலும் வீட்டுக்கு வருவது அதே 100 வோல்ட், பிளக்கும் ஒன்றுதான். மாறுவது அதிர்வெண். டோக்கியோவில் மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைகிறது, ஒசாகாவில் 60 முறை.

இது 19ஆம் நூற்றாண்டின் கொள்முதல் விவகாரம். 1895இல் டோக்கியோ மின்விளக்கு நிறுவனம் ஜெர்மனியின் ஏ.இ.ஜி. ஜெனரேட்டர்களை வாங்கியது, அவை 50 ஹெர்ட்ஸ். சற்றுப் பின்னால் ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கிடம் போனார்கள்; அவை 60. இரு கம்பெனிகளும் கிளை பரப்பிக்கொண்டே போக, நாடு நடுவில் பிளந்துவிட்டது. ஷிசுவோக்காவின் புஜி ஆற்றிலிருந்து நீகாத்தாவின் இதோயிகாவா வரை இன்றும் அந்த எல்லை கிடக்கிறது. 1964இல் ஓடத் தொடங்கிய தொக்காய்தோ புல்லட் ரயில் இந்த எல்லையைத் தாண்ட வேண்டும். அதற்காகக் கிழக்குப் பகுதியில் மாற்றி நிலையங்கள் கட்டி, பாதை முழுவதும் 60 ஹெர்ட்ஸ் கொடுத்தார்கள்.

இந்தப் பிளவுக்குப் பெரிய விலை கொடுக்க நேர்ந்தது 2011 மார்ச்சில். நிலநடுக்கமும் சுனாமியும் கிழக்கே மின்நிலையங்களை முடக்க, டோக்கியோ வட்டாரத்தில் முறை வைத்து மின்சாரத்தை நிறுத்தினார்கள். மேற்கே மின்நிலையங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் 60ஐ 50ஆக்கும் நிலையங்கள் மொத்தமாகக் கடத்தக்கூடியது ஏறக்குறைய 1000 மெகாவாட் மட்டுமே. அந்தத் திறனை இரட்டிப்பாக்கப் பத்தாண்டு ஆயிற்று.

ஒரு வீட்டுச் சாமானுக்குள் இந்தப் பத்து ஹெர்ட்ஸ் என்ன செய்யும்? கிரைண்டர், ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்பு ஆகியவற்றில் வழக்கமாக இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதன் வேகத்தை அதிர்வெண்தான் தீர்மானிக்கிறது. நான்கு முனை மோட்டாரின் காந்தப்புலம் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும், 60இல் 1800. மோட்டாரின் தண்டு அதைச் சற்றுப் பின்தங்கித் தொடரும். பம்பு போன்றவற்றில் வேகம் 1.2 மடங்கானால் தேவைப்படும் திறன் அதன் மும்மடி, அதாவது சுமார் 1.7 மடங்கு. மோட்டார் அதைத் தாங்குமா என்பது வேறு கேள்வி.

எதிர்த்திசையில் போவது இன்னும் மோசம். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த டிரான்ஸ்பார்மரை அதே வோல்ட்டில் 50இல் மாட்டினால், ஒவ்வொரு அலையும் நீள்கிறது. இரும்பு உள்ளகத்தில் ஏறும் காந்தப்பாயம் 20 சதவீதம் கூடுகிறது. நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றுவதுபோல்தான்: இரும்பு நிறைவடைந்ததும் மின்னோட்டம் எகிறும், ரீங்காரம் கேட்கும், சுருள் கொதிக்கும். இங்கே பார்க்க வேண்டியது வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்து வரும் எண். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் அமெரிக்கச் சாமானுக்கு அது 2. டோக்கியோவின் 100, 50க்கும் 2தான்! ஆகவே அங்கே அது மெதுவாக ஓடுமே தவிர, இந்தக் காரணத்தால் சூடேறாது.

பழைய ரெக்கார்டு பிளேயர்களின் கதை வேறு. மின்சாரத்தின் அலைக்கு இணையாகச் சுழலும் மோட்டார் கொண்ட 60 ஹெர்ட்ஸ் பிளேயர், 50இல் ஏறக்குறைய 28 சுற்றுதான் சுற்றும், வேண்டியது 33⅓. பாட்டின் சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கி, பாடகிக்கு ஆண்குரல் வந்துவிடும். மின்சாரத்தின் அலையை எண்ணும் கடிகாரமானால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும்.

அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் வோல்ட்டை மட்டுமே பார்க்கிறார்கள். கடையில் விற்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் 230ஐ 120 ஆக்கும். 50ஐ 60 ஆக்காது. அதற்கு மின்சாரத்தை நேர்த்திசையாக்கி மறுபடி அலையாக்கும் கருவி வேண்டும், அதன் விலை பல நேரம் சாமானின் விலையையே தாண்டிவிடும். லேப்டாப், போன் சார்ஜர்கள் எந்த அதிர்வெண்ணையும் முதலில் நேர்த்திசையாக்கிவிடுவதால் கவலையில்லை. இஸ்திரிப்பெட்டிக்கும் கார்பன் பிரஷ் வைத்த மிக்சிக்கும் வோல்ட் சரியாக இருந்தால் போதும். மைக்ரோவேவ் அடுப்பு, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்றவற்றின் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள்: '50/60' என்றிருந்தால் வோல்ட்டை மட்டும் கவனியுங்கள்; வெறும் '60' என்றிருந்தால் அங்கேயே விற்றுவிட்டு வாருங்கள்.