புரோட்டியாவா, செவ்வரத்தையா?

புரோட்டியா என்னும் வெளிநாட்டுப் பூச்செடியைச் செட்டிகுளத்தில் நடலாமா என்று சிலர் எம்மிடம் கேட்கின்றனர். அதன் ஓரினம் தென்னாபிரிக்காவின் தேசியப் பூ. கொய்தபின் பல நாள் வாடாது. நல்ல விலையும் போகும். ஆனால் அது பிறந்த கேப் பகுதியின் மண் நீர் தேங்காத, புளிப்பான, சத்துக் குறைந்த மணல். அங்கே அரிதாகக் கிடைக்கும் பொசுபரசை உறிஞ்சவே அதன் வேர்கள் தூரிகைபோல அடர்ந்து வளர்கின்றன. பொசுபரசு நிறைந்த ரி.எஸ்.பி. பசளையை இட்டால் அளவுக்கு மீறி உறிஞ்சி, இலை கருகிப் பட்டுப்போகும். நெல்லுக்கு ஆண்டுதோறும் பசளை இட்ட, மாரியில் வெள்ளம் நிற்கும் எமது காணியில் அது எப்படிப் பிழைக்கும்? கையிலுள்ள சொற்பப் பணத்தை அதில் போடவேண்டாம்.

செவ்வரத்தை அப்படியல்ல. 2009 முதல் 2012 வரை மெனிக் பாம் முகாமில் இருந்தவர்களுக்குத் தெரியும், கையில் கொண்டுபோகக்கூடியதே மிஞ்சும் என்று. ஈரச்சாக்கில் சுற்றிய செவ்வரத்தைத் தடி இரண்டொரு நாள் பயணத்தைத் தாங்கும். பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத்தில் முற்றிய தடியைக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளை அகற்றி, மாரித் தொடக்கத்தில் பாதி மண்ணுள் இருக்கும்படி நிழலில் நடுங்கள். ஓரிரு மாதத்தில் வேர்விடும். இலையடியில் வெள்ளையாக மாப்பூச்சி கண்டால் சவர்க்காரத் தண்ணீரால் கழுவிவிடுங்கள்.