செண்பகத்தோப்பின் தேன்சிட்டுகள்

ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புக்குப் போகிறவர்கள் நரை அணிலைத்தான் தேடுவார்கள். அந்த அணிலுக்காகவே 1988-ல் சரணாலயமாகி, 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமான காடு அது. அங்கே பூத்த மரம் எதிலும் சற்றுப் பொறுத்துப் பார்த்தால், பத்து சென்டிமீட்டர் அளவே உள்ள தேன்சிட்டும் கண்ணில் படும்.

ஆண் சிட்டின் மினுமினுப்பு இறகின் நுண்ணடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியால் உண்டாவது. வெயிலில் நீலமும் பச்சையுமாக ஜொலிக்கும் பறவை, நிழலுக்குள் போனதும் வெறும் கறுப்பாகத் தெரியும். அதனால் வயிற்றையும் அலகையும் முதலில் பாருங்கள். அடிவயிறு மஞ்சளாக, மார்பில் கருஞ்சிவப்புப் பட்டை இருந்தால் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. இனப்பெருக்கக் காலத்தில் உடல் முழுக்க நீலக்கறுப்பாக இருப்பது ஊதாத் தேன்சிட்டு. வயிறு புகைபிடித்த பழுப்பாகி, அலகு நன்றாக நீண்டு வளைந்திருந்தால் லோட்டன் தேன்சிட்டு. இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்தவரின் பெயர் அதற்கு. ஈரமான மலைக்காட்டில் முதுகு சிவந்த குட்டிப் பறவை தெரிந்தால் உங்களுக்கு யோகம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத சிறிய தேன்சிட்டு அது.

பெண் சிட்டுகள்தான் சோதிக்கும். தொண்டை வெளுத்து மார்பு மஞ்சளாக இருப்பது ஊதாப்பிட்டம். தொண்டையிலிருந்தே மஞ்சள் என்றால் ஊதாத் தேன்சிட்டு.

ராஜபாளையத்தின் மலையடிவார மாந்தோப்புகளில் புல்லுருவி பூத்த மரம் கிடைத்தால் அங்கேயே நில்லுங்கள். தோப்புக்காரருக்கு அது மரத்தை உறிஞ்சும் சனியன், தேன்சிட்டுக்கோ பந்தி. முற்றிய மொட்டின் நுனியைச் சிட்டு அலகால் கிள்ளும். மொட்டு பட்டென்று பிளக்க, மகரந்தம் தலையில் ஒட்டிக்கொள்ளும். குழல் போன்ற நாக்கால் தேனை உறிஞ்சிவிட்டு அந்தத் தூளோடு அடுத்த பூவுக்குப் போய்விடும். ஆஸ்திரேலியக் காடுகளில் இதே தொழிலைச் செய்யும் தேனுண்ணிகளுக்கு நாக்கின் நுனி தூரிகைபோல் பிரிந்திருக்கும். இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். தேன் குடிக்கும் வாழ்க்கைதான் இரண்டுக்கும் வளைந்த அலகைக் கொடுத்தது.

சிலந்தி நூலால் கட்டிய பை போன்ற கூட்டைக் கண்டால் தள்ளியே நில்லுங்கள். படம் எடுப்பதற்காகச் செல்போனில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டதென்று தவித்து அது இரை தேடுவதையே விட்டுவிடும்.