அப்பாவோட பிக்கப் 'ரீகால்' லிஸ்ட்ல இருக்கா? வீட்ல போன் வெச்சிருக்கிற நீங்கதான் பார்க்கணும்!

தருமபுரி மாவட்டம், தீர்த்தமலை. அடிவாரத்தில் நின்று அரூர் ரோட்டைக் கொஞ்ச நேரம் கவனித்தாலே போதும். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய பிக்கப், கரும்பு இழுக்கும் டிராக்டர், போர் போடப் போகும் ரிக் வண்டி, மண் அள்ளும் ஜே.சி.பி என ஊரையே சுமக்கும் வண்டிகள் வரிசையாகப் போகும். இவற்றில் பல, இரண்டாவது மூன்றாவது ஓனரிடம் ஓடுபவை.

சொந்தக் கார் நின்றுபோனால் ஒரு பயணம் தள்ளிப்போகும். இந்த வண்டிகள் நின்றால் அன்றைக்கு வீட்டு வருமானமே நின்றுவிடும். அதனால்தான் சின்னச் சின்ன கோளாறுகளை, 'அடுத்த லோடு முடிச்சுட்டுப் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுகிறார்கள். ஆனால், கோளாறு கம்பெனியிலிருந்தே வந்திருந்தால்? அதைச் சரிசெய்ய நீங்கள் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை என்றால்? அதற்குப் பெயர்தான் 'ரீகால்'.

ரீகால்னா என்ன?

விற்ற வண்டிகளில் பாதுகாப்பைப் பாதிக்கும் குறை இருப்பது தெரிந்தால், தயாரித்த நிறுவனமே அவற்றைத் திரும்ப அழைத்து, இலவசமாகப் பரிசோதித்து, தேவைப்பட்டால் பாகத்தை மாற்றித் தருவதுதான் ரீகால். வண்டியை ஒரேயடியாகப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம் வேண்டாம். பெரும்பாலும் சர்வீஸ் சென்டரில் விட்டு, வேலை முடிந்ததும் எடுத்து வருவதுதான்.

2021 ஆகஸ்டில் நடந்தது நல்ல உதாரணம். 2020 ஜனவரி முதல் 2021 பிப்ரவரி வரை தயாரான தன் பிக்கப் வாகனங்களில் 29,878 வண்டிகளை மஹிந்திரா நிறுவனம் பரிசோதனைக்கு அழைத்தது. 'ஃப்ளூயிட் பைப்' எனப்படும் திரவம் செல்லும் குழாய், சில வண்டிகளில் சரியாகப் பொருத்தப்படாமல் இருக்கலாம் என்ற சந்தேகமே காரணம். கேட்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் லோடு ஏற்றி மலைச்சாலையில் இறங்கும் வண்டியில் எந்தக் குழாயும் சின்ன விஷயம் இல்லை.

மாருதியின் 'சூப்பர் கேரி' மினி டிரக்கும் 2018 டிசம்பரில் இப்படி அழைக்கப்பட்டது. 5,900 வண்டிகளில் ஃப்யூல் ஃபில்டரில் குறை இருக்கலாம் என்று பரிசோதித்தார்கள்.

அதே மாடல்தான்... ஆனா பக்கத்து வீட்டு வண்டிக்கு மட்டும் ஏன்?

ஒரு வண்டியின் பாகங்கள் எல்லாம் ஒரே இடத்தில் தயாராவதில்லை. குழாய் ஒரு சப்ளையரிடமிருந்து வரும், ஃபில்டர் இன்னொருவரிடமிருந்து வரும். ஒரு பேட்ச் பாகம் சரியில்லை என்றாலோ, அசெம்ப்ளியில் சில வாரங்கள் ஒரு வேலை சரியாக நடக்கவில்லை என்றாலோ, அந்தக் காலத்தில் வெளிவந்த வண்டிகளுக்கு மட்டும்தான் பிரச்னை.

2021 ஜூலையில் மஹிந்திராவின் நாசிக் ஆலையில் தயாரான 600-க்கும் குறைவான டீசல் வண்டிகளுக்கு ரீகால் வந்தது. ஆலைக்கு ஒரு குறிப்பிட்ட நாளில் வந்த எரிபொருளில் மாசு கலந்திருந்ததால், எஞ்சின் பாகங்கள் சீக்கிரம் தேயலாம் என்று சந்தேகித்தார்கள். அதனால், 'மாடல் பேர் என்ன?' என்று மட்டும் பார்த்தால் போதாது. சேஸிஸ் நம்பரும், தயாரான மாதமும்தான் பதில் சொல்லும்.

லண்டன் டாக்ஸி சொல்லும் பாடம்

தொழிலுக்கென்றே செய்யப்பட்ட வண்டியில் ஒரு பாகம் தப்பானால் என்ன ஆகும் என்பதற்கு, லண்டனின் புகழ்பெற்ற கறுப்பு டாக்ஸியே சாட்சி. 2012 அக்டோபரில் 'டி.எக்ஸ்.4' டாக்ஸிகளின் ஸ்டீயரிங் பாக்ஸில் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 400 டாக்ஸிகள் ரீகால் செய்யப்பட்டன. புது வண்டி விற்பனையும் நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே நஷ்டத்தில் இருந்த மாங்கனீஸ் பிரான்ஸ் நிறுவனம் அதே மாதம் திவால் நடவடிக்கைக்குள் போனது. 2013-ல் சீனாவின் ஜீலி நிறுவனம் அதை வாங்கியது.

கம்பெனியைக் காப்பாற்ற ஒரு ஜீலி வந்தது. ஆனால் டாக்ஸி ஓட்டினால்தான் சாப்பாடு என்று இருப்பவருக்கு, வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் கைக்காசுதான் போகும். இது லண்டனுக்கும் பொருந்தும், தீர்த்தமலைக்கும் பொருந்தும்.

நம்ம சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவில் 2012-லிருந்து வாகன நிறுவனங்கள் தாங்களாகவே முன்வந்து ரீகால் செய்யும் நடைமுறை இருந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு, 110ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதன் விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன. முக்கியமான விஷயங்கள் இவை:

* டிரைவருக்கோ, பயணிகளுக்கோ, ரோட்டில் போகும் மற்றவர்களுக்கோ ஆபத்து தரக்கூடிய குறை என்றால், ரீகால் செய்யச் சொல்லி மத்திய அரசே உத்தரவிடலாம்.
* குறை ஒரு பாகத்தில்தான் என்றால், அந்தப் பாகம் உள்ள எல்லா வண்டிகளையும், மாடல் எதுவாக இருந்தாலும், திரும்ப அழைக்கச் சொல்லலாம்.
* நிறுவனம் ரிப்பேர் செய்து தரலாம், வேறு வண்டி தரலாம் அல்லது முழு விலையைத் திருப்பித் தரலாம்.
* தானாக முன்வந்து ரீகால் செய்தால் அபராதம் இல்லை. அரசு உத்தரவிட்டு நடந்தால் 10 லட்சம் ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். இது 7 வயதுக்குள் இருக்கும் வண்டிகளுக்கு.

சரி, தகவல் ஏன் வந்து சேரல?

பிரச்னையே இங்கேதான். நிறுவனத்திடம் இருப்பது முதலில் வாங்கியவரின் போன் நம்பரும் முகவரியும். சேலத்தில் வாங்கிய பிக்கப், புரோக்கர் மூலம் கைமாறி அரூர் பக்கம் வந்திருக்கும். ஆர்.சி பெயரைக்கூட மாற்றியிருக்க மாட்டார்கள். ரீகால் மெசேஜ் பழைய ஓனருக்குப் போகும். அவர் 'வண்டிதான் வித்தாச்சே' என்று அழித்துவிடுவார். வண்டி மட்டும் அதே குறையோடு ஓடிக்கொண்டிருக்கும்.

'போன மாசம்தான் எஃப்.சி முடிச்சோம், ஒண்ணும் சொல்லலையே' என்பார்கள். எஃப்.சி-யில் பார்ப்பது வண்டியின் அன்றைய நிலையை. உள்ளே இருக்கும் பாகம் ரீகால் பேட்ச்சைச் சேர்ந்ததா என்று தேடுவது அதன் வேலை இல்லை.

இப்போ நீங்க செய்ய வேண்டியது

1. ஆர்.சி-யை எடுங்கள். அதில் சேஸிஸ் நம்பரும், தயாரான மாதம், வருடமும் இருக்கும். போட்டோ எடுத்து வையுங்கள்.
2. வண்டி கம்பெனியின் இணையதளத்தில் ரீகால் பகுதி இருக்கிறதா பாருங்கள். சேஸிஸ் நம்பர் போட்டால் பதில் வரும். இல்லையென்றால், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டு, 'இந்த நம்பருக்கு ரீகால் பாக்கி இருக்கா?' என்று கேளுங்கள். டிராக்டர், ஜே.சி.பி போன்றவற்றுக்கும் டீலரிடம் இதையே கேட்கலாம்.
3. இரண்டாம் கை வண்டியா? ஆர்.சி பெயர் மாற்றத்தை முடியுங்கள். போன் நம்பரை ஆர்.டி.ஓ பதிவிலும், கம்பெனியின் கஸ்டமர் கேரிலும் புதுப்பியுங்கள்.
4. வேலை முடிந்ததும், என்ன பாகம் மாற்றினார்கள் என்று எழுதிய ஜாப் கார்டை வாங்கி வையுங்கள். ரீகால் வேலைக்குப் பணம் கேட்டால் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள்.
5. ஒரே கோளாறு உங்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் திரும்பத் திரும்ப வருகிறதா? மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் வாகனக் குறை பற்றிப் புகார் பதியலாம். அரசு நடவடிக்கை எடுக்க, எத்தனை பேர் புகார் தந்தார்கள் என்பதும் கணக்கு.
6. 'ரீகால் ஆபீஸ்ல இருந்து பேசுறோம், ஓ.டி.பி சொல்லுங்க' என்று யாராவது அழைத்தால் கட் பண்ணிவிடுங்கள். பாகம் மாற்ற ஓ.டி.பி-யும் முன்பணமும் எதற்கு?

நின்ன நாளுக்கு யார் காசு கொடுப்பா?

ரொம்ப நியாயமான கேள்வி. 110ஏ பிரிவு ரிப்பேர், மாற்று வண்டி, விலை பற்றிப் பேசுகிறது. வண்டி நின்ற நாள்களின் வாடகை இழப்பைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் இன்னொரு கதவு இருக்கிறது. 'வியாபாரத்துக்கு வாங்கினவர் நுகர்வோர் இல்லை' என்று பலர் நினைக்கிறார்கள். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவரையும் நுகர்வோராகவே பார்க்கிறது. அதாவது, ஒரே ஒரு பிக்கப்பை வைத்துத் தானே ஓட்டிப் பிழைப்பவர், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பிரச்னை எழுந்த 2 வருடத்துக்குள் போக வேண்டும். முதலில் ஆலோசனை வேண்டுமென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அங்கே கேட்கப்போவது உங்கள் பில், ஜாப் கார்டு, போட்டோ. அதனால் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஸ்டீயரிங் பிடிக்கிற அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இதையெல்லாம் தேடிப் படிக்க நேரம் இருக்காது. இன்னிக்கு ராத்திரி வண்டி வீட்டுக்கு வந்ததும், ஆர்.சி-யை வாங்கி சேஸிஸ் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் அடுத்த லோடு கிளம்பும் முன்னால் சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன்!